டேப் போட்டு ஒட்டினது எல்லாம் விடிஞ்சா கீழே கிடக்கு, அவசரம்

குட்டிமாமா:
அக்கா பிரசவத்துக்கு வந்திருக்கா. குழந்தை ரூமுக்கு நானும் அம்மாவும் கையாலேயே செஞ்சிருக்கோம்: கம்பளி நூல் குஞ்சம், பழைய பருத்திப் புடவையில தைச்ச தோரணம், கருப்பு வெள்ளை அட்டைப் படம். மொத்தமே 340 ரூபாய். டபுள் சைடு டேப்ல ஒட்டினா ராத்திரி நிக்குது, காலைல தரையில கிடக்கு. எந்த டேப் வாங்கணும்?

ஊசிநூல்:
என்ன சுவர்? பெயிண்டா, வெள்ளையடிச்சதா? வாடகை வீடா?

டேப்மணி:
டேப் மட்டம். பைக் ஸ்டிக்கர் கடையில ஃபோம் டேப் கேளுங்க, ஆளையே தாங்கும்.

பழையதச்சன்:
சுவரைச் சொல்லாம டேப் கேக்குறது, ஊரைச் சொல்லாம டிக்கெட் கேக்குற மாதிரி. இதே கேள்விக்கு எத்தனை தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் பார்க்க யாருக்குப் பொறுமை!

குட்டிமாமா:
தாத்தா கட்டின வீடு. சுவர் வெள்ளை.

பழையதச்சன்:
நிறத்தைக் கேக்கல தம்பி. விழுந்த டேப்பைத் திருப்பிப் பாரு, பின்னாடி திருநீறு பூசின மாதிரி இருக்கா? இருந்தா சுண்ணாம்பு. டேப் நல்லாத்தான் ஒட்டுது, சுவர்ல இல்ல, மேல நிக்கிற தூள்ல. மழைக்காலத்துல ஓதமும் சேர்ந்தா கேக்கவே வேணாம்.

டேப்மணி:
ஃபோம் டேப் போட்டா அதுவும் நிக்கும்.

பழையதச்சன்:
நிக்கும். வரும்போது சுண்ணாம்புப் பத்தையையும் கூட்டிட்டு வரும்.

மல்லிகாம்மா:
தப்பா நினைக்காதீங்க, பிறக்குறதுக்கு முன்னாடி ரூம் ஜோடிக்கலாமா? எங்க வீட்ல ஒரு துணிகூட வாங்க மாட்டோம். அதுலயும் கருப்புப் படமா?

ஊசிநூல்:
கன்னத்துல வைக்கிற திருஷ்டிப் பொட்டு என்ன நிறம் அம்மா? பச்சைக் குழந்தைக்கு ஒரு அடி தூரம் வரைக்கும்தான் ஓரளவு தெளிவாத் தெரியும். வெளிர் நிறத்தைவிட கருப்பு வெள்ளைதான் கண்ணைப் பிடிக்கும்.

மல்லிகாம்மா:
பொட்டு வேற, படம் வேற. நாலு பிள்ளை வளர்த்தவ சொல்றேன்.

டேப்மணி:
எங்க அம்மா அஞ்சு.

ஊசிநூல்:
சண்டை போதும். குட்டிமாமா, சுவரை விடுங்க. பழைய வீடுன்னா ஆணி இருக்குமே? ரெண்டு ஆணிக்கு நடுவுல கயிறு கட்டி தோரணத்தை அதுல போடுங்க. பனையோலைக் கிளி கிடைச்சா நடுநடுவே கோர்க்கலாம், ஆனா வெயில்ல காய வச்சுட்டுப் போடுங்க, ஈரத்துல பூஞ்சை பிடிக்கும். தொட்டிலுக்கு நேர் மேல எதுவும் வேணாம், பக்கத்துச் சுவர் போதும். குஞ்சத்துல மணி, பட்டன் வச்சிருந்தா பிரிச்சிடுங்க. தொட்டில்ல ஏதாவது தொங்கவிட்டே ஆகணும்னா, அஞ்சு மாசத்துக்குள்ள, இல்ல குழந்தை கையூன்றி எழும்ப ஆரம்பிச்சதுமே, கழட்டிடணும்.

மல்லிகாம்மா:
இது சரி. கயிறு கைக்கு எட்டவே கூடாது.

குட்டிமாமா:
கயிறு கட்டியாச்சு, மூணு நாளா விழல. ஒரு கிளியை மட்டும் பூனை தூக்கிட்டுப் போச்சு. அக்காவுக்கு விடிகாலைல வலி வந்துடுச்சு, ஆஸ்பத்திரில இருக்கேன். அப்புறம் வரேன்.

மல்லிகாம்மா:
நல்லபடியா ஆகும் தம்பி. சாப்பிட்டியா?

பழையதச்சன்:
டேப் பின்னாடி வெள்ளையா இருந்துச்சா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?