விதைகளைச் சேர்க்க எக்ஸ்ஆர் போதாதா?

காட்பாடி நிரலர்:
ஜவ்வாது மலையைக் களமாக வைத்து ஜாவாவில் ஒரு விளையாட்டு எழுதுகிறேன். எந்தக் கட்டத்தில் எந்த மரம் என்பதை ரேண்டம் எண்தான் தீர்மானிக்கிறது. ஆட்டக்காரர் வேலூர் வரை போய்த் திரும்பினாலும் அதே மரம் அதே இடத்தில் நிற்க வேண்டும். ரேண்டம் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்தான் விதை; ஒரே விதைக்கு எப்போதும் அதே எண்கள் வரும். அதனால் உலகம் முழுவதற்குமான விதை, கட்டத்தின் கிடை எண், நெடுக்கை எண் மூன்றையும் எக்ஸ்ஆர் (எண்களின் பிட்டுகளை, அதாவது 0, 1 இலக்கங்களை ஒப்பிட்டு, வேறுபட்டால் 1, ஒத்திருந்தால் 0 வைக்கும் கணக்கு) செய்து கட்டத்தின் விதையாக்கினேன். உடன் வேலை செய்பவர் இது பிழை என்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

பாலாற்றங்கரை:
பிழையேதான். 3 எக்ஸ்ஆர் 7 என்றாலும் 7 எக்ஸ்ஆர் 3 என்றாலும் விடை 4. கிடையும் நெடுக்கையும் சமமானால் விடை 0. வரைபடத்தைச் சுருக்கிப் பாருங்கள்: மூலைவிட்டம் முழுக்க ஒரே காடு, அதன் இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்.

காட்பாடி நிரலர்:
பார்த்தேன், உண்மைதான். ஆனால் நெடுக்கை எண்ணை ஒரு பெரிய ஒற்றைப்படை எண்ணால் பெருக்கிவிட்டு எக்ஸ்ஆர் செய்ததும் பிம்பம் போய்விட்டது. ஒரே ஒரு பெருக்கலில் தீர்ந்த விஷயம். இதற்கு மேல் எதற்கு ஹாஷ், அதாவது கொடுத்ததை நன்றாகக் கலக்கி ஓர் எண்ணாக்கும் கணக்கு?

குடியாத்தம் வாசகி:
நான் பைத்தானில் மூன்று எண்களையும் எழுத்துச்சரமாக ஒட்டி, மொழியில் உள்ள ஹாஷையே பயன்படுத்துகிறேன். இரண்டே வரி.

பாலாற்றங்கரை:
வேண்டாம், அம்மா. பைத்தான் 3.3 முதல் எழுத்துச்சரங்களின் ஹாஷ், தனியாக அமைப்பை மாற்றாதவரை, நிரலை இயக்கும் ஒவ்வொரு முறையும் வேறாக வரும். நேற்று பார்த்த மரம் இன்று இருக்காது.

காட்பாடி நண்பரே, ஜாவாவின் ரேண்டமுக்கு 0, 1, 2 என்று விதை கொடுத்து முதல் பின்ன எண்ணைக் கேளுங்கள். மூன்றுமே 0.73 என்றுதான் தொடங்கும். உங்கள் முறையில் ஒரு வரிசையின் பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களுக்கு நெருங்கிய விதைகள்தான் கிடைக்கும். மரத்தை முதல் எண்ணால் தேர்ந்தெடுத்தால் வரிசை வரிசையாகச் சந்தனமாகவே நிற்கும்.

காட்பாடி நிரலர்:
நிற்கிறது! தோப்பு வைத்தது போல இருக்கிறது. முதல் எண்ணை எறிந்துவிட்டால்?

பாலாற்றங்கரை:
கண்ணுக்கு மறையும், அவ்வளவுதான். அடியில் உள்ளது பெருக்கிக் கூட்டும் நேரியல் கணக்கு. பக்கத்து விதைகளுக்கு இடையிலான உறவு எத்தனையாவது எண்ணிலும் தொடரும். உலக விதையை ஸ்பிளிட்மிக்ஸ் என்ற கலக்கியில் (ஓர் எண்ணின் பிட்டுகளைக் கலைத்துவிடும் சிறு கணக்கு) போடுங்கள். வரும் விடையோடு கிடையைக் கூட்டி மறுபடி கலக்குங்கள். பிறகு நெடுக்கையைக் கூட்டி இன்னொரு முறை. ஒரு கலக்கலுக்கு இரண்டு பெருக்கல், மூன்று பிட் நகர்த்தல். கிடையும் நெடுக்கையும் இடம் மாறினால் விடையும் மாறும். நமக்கு வேண்டியது அதுதான். விதையை 32 பிட்டாகச் சுருக்கவும் கூடாது. சுமார் 77,000 கட்டங்களிலேயே ஏதோ இரண்டுக்கு ஒரே விதை விழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

காட்பாடி நிரலர்:
அத்தனை கட்டங்களில் இரண்டு ஒன்றாக இருந்தால் யார் கண்டுபிடிப்பார்கள்? அதை மட்டும் ஏற்க மாட்டேன். கலக்கியைப் போட்டுவிட்டேன், காடு காடாகத் தெரிகிறது. ஆனால் ஏற்கெனவே ஆடுபவர்களின் மரங்கள் எல்லாம் இடம் மாறிவிடுமே?

பாலாற்றங்கரை:
மாறும். சேமிப்புக் கோப்பில் பதிப்பு எண் ஒன்றை வைத்து, பழைய ஆட்டங்களுக்குப் பழைய எக்ஸ்ஆரையே ஓட விடுங்கள்.