முன் டிரம் பிரேக்: சரிசெய்வதா, டிஸ்க்குக்கு மாறுவதா?

இரட்டைச்சிலிண்டர்:
அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1971ஆம் ஆண்டு ஹோண்டா சிபி350. எஞ்சின் வேலையும் வயரிங்கும் முடிந்துவிட்டன, பிரேக்தான் இழுத்தடிக்கிறது. முன் சக்கரத்தில் டிரம் பிரேக்: சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள் ஷூ எனும் இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து உரசும், இரண்டும் லீடிங் வகை. புதிய ஷூ, புதிய கேபிள் போட்டாகிவிட்டது. அப்படியும் நான்கு விரலால் இழுத்தால் வண்டியின் வேகம் குறைகிறதே தவிர, நிற்பதில்லை. லீவரோ பஞ்சைப் பிடித்து அமுக்குவதுபோல் இருக்கிறது. மேட்டில் நிறுத்தினால் இன்னும் மோசம். முன் பிரேக்கை இறுகப் பிடித்தாலும் பின்னால் உருளுகிறது. டிஸ்க்குக்கு மாறிவிடலாமா? பழைய தோற்றம் கெடக்கூடாது என்ற பிடிவாதம் எனக்கு இல்லை. வண்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

நேர்ச்சாலை:
யோசிக்கவே வேண்டாம், மாறிவிடுங்கள். 1969இல் சிபி750 முன் டிஸ்க்குடன் வந்தபோதே டிரம்மின் காலம் முடிந்துவிட்டது. முன் ஃபோர்க்கில் ஒரு பிராக்கெட்டை வெல்டிங் செய்து, டிஸ்க்கைக் கவ்வும் காலிபரை மாட்டினால் வேலை முடிந்தது.

எண்ணெய்க்கை:
வெல்டிங் யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். பிரேக் பிடிக்கும்போது வரும் விசை முழுவதும் அந்தப் பிராக்கெட் வழியாக ஃபோர்க்கின் கீழ்க்குழாய்க்குப் போகிறது. அது அலுமினிய வார்ப்பு. வெல்டிங் சூட்டில் அதன் வலிமை போய்விடும். பிராக்கெட் கழன்று ஸ்போக்குகளுக்குள் சிக்கினால் என்ன ஆகும் என்று எழுதிக் காட்டத் தேவையில்லை.

இப்போது உங்கள் டிரம். மேட்டில் பின்னால் உருளுவது கோளாறே அல்ல, அதன் பிறவிக் குணம். சக்கரம் முன்னோக்கிச் சுழலும்போது டிரம்மே ஷூவை இழுத்துத் தன்மீது அழுத்திக்கொள்ளும். லீடிங் ஷூவின் பலம் அதுதான். உங்களுடையதில் இரண்டு ஷூவும் அப்படி. சக்கரம் பின்னோக்கிச் சுழன்றால் இரண்டுமே டிரெய்லிங் ஷூ ஆகிவிடும், அதே டிரம் ஷூவைத் தள்ளிவிடும். மேட்டில் பின் பிரேக்கை மிதியுங்கள், பிரச்சினை தீர்ந்தது.

பஞ்சுபோன்ற லீவர் வேறு கதை. கேபிளின் வெளியுறை மலிவானதாக இருந்தால் இழுக்கும்போது சுருங்கும். ஒருவரை லீவரைப் பிடிக்கச் சொல்லிவிட்டு உறையைப் பாருங்கள். அது நெளியாமல் நின்றால் சந்தேகம் லைனிங்கின் மீதுதான், அதாவது ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் உரசும் பட்டையின் மீது. லைனிங்கின் வளைவும் டிரம்மின் வளைவும் ஒன்றாக இல்லாவிட்டால் ஷூ ஓரிடத்தில் மட்டும் தொடும். மேலும் இழுக்க இழுக்க ஷூதான் வளைந்து கொடுக்கும், பிடி ஏறாது. புதிய ஷூ என்பதால் பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள்.

சோதிப்பது எளிது. லைனிங் முழுவதும் சாக்பீஸால் தேயுங்கள். சக்கரத்தை மாட்டி, மெல்லச் சுழற்றியபடி பிரேக்கை லேசாகப் பிடித்துவிட்டுக் கழற்றிப் பாருங்கள். சாக்பீஸ் எங்கே அழிந்திருக்கிறதோ அங்கே மட்டும்தான் தொடுகிறது.

அதோடு ஷூக்களை விரிக்கும் இரண்டு கேம்களையும் இணைக்கும் கம்பியின் நீளத்தையும் பாருங்கள். இரண்டு ஷூவும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். கம்பியைக் கழற்றிவிட்டு, முதல் ஷூ தொடும் இடத்தில் அதன் கேமைத் திருப்பும் கையை நிறுத்துங்கள்; இரண்டாவது ஷூவையும் தொடவைத்து, அந்த நிலைக்குக் கம்பி சரியாகப் பொருந்தும்படி நீளத்தை வையுங்கள். இதைச் செய்யாதவர்கள் ஒற்றை ஷூவோடு ஓட்டிக்கொண்டு டிரம்மைத் திட்டுவார்கள். பிரேக் முழுதாகப் பிடித்த நிலையில் கேபிளும் கேமின் கையும் ஏறக்குறைய 90 டிகிரியில் நிற்க வேண்டும். ஷூ தேயத் தேய இந்தக் கோணம் கெட்டு, இழுக்கும் பலத்தில் ஒரு பகுதி வீணாகும். கடைசியாக, அச்சு நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைச் சுழற்றி, பிரேக்கை அழுத்திப் பிடித்த நிலையிலேயே நட்டை முடுக்குங்கள். ஷூ மாட்டியிருக்கும் பிளேட் தானாக நடுவில் வந்து உட்காரும்.

தூசிதட்டி:
ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்முக்குள் காற்றடித்துத் தூசியைக் கிளப்பாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்ப்பதென்றாலும் நனைத்துத்தான்.

இரட்டைச்சிலிண்டர்:
நன்றி அண்ணா. சாக்பீஸ் சோதனை செய்தேன். இரண்டு ஷூவிலும் நடுவில் மட்டும் ஒரு பட்டையாக அழிந்திருக்கிறது. இரு முனைகளிலும் வெள்ளை அப்படியே இருக்கிறது. கேபிள் உறை நெளியவில்லை. டிஸ்க் ஆசையும் முழுதாகப் போகவில்லை. வெல்டிங் இல்லாமல் வழி உண்டா?

எண்ணெய்க்கை:
நடுவில் மட்டும் தொடுகிறதென்றால் டிரம் பெரிதாகிவிட்டது. தேய்ந்திருக்கலாம், யாரோ முன்பே லேத்தில் கடைந்திருக்கலாம். கடையில் வாங்கிய ஷூவோ புதிய டிரம்மின் அளவுக்குச் செய்தது. உள்விட்டத்தை அளந்து, அந்த டிரம்முக்கு அனுமதித்த உச்ச அளவோடு ஒப்பிடுங்கள். அதைத் தாண்டியிருந்தால் டிரம் இருக்கும் அந்த ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுப்பகுதியை, விட்டுவிடுங்கள். தாண்டவில்லை என்றால், ஷூவில் சற்றுத் தடித்த லைனிங்கை ஒட்டவைத்து, உங்கள் டிரம்மின் வளைவுக்கே கடையச் சொல்லுங்கள். லீவர் கல்லாக மாறும்.

டிஸ்க்குக்கு நேர்மையான வழி, முன்பக்கத்தை மொத்தமாக மாற்றுவது. இதே வரிசையில் 1973இல் வந்த சிபி350ஜி முன் டிஸ்க்குடன் வந்தது. அதன் ஃபோர்க், சக்கரம், காலிபர், லீவரின் விசையைத் திரவ அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து கிடைத்தால் எடுங்கள். கிடைத்தாலும் அதுவும் ஐம்பது வயதுப் பிரேக் என்பதை மறக்காதீர்கள். காலிபரில் சீல் உட்காரும் பள்ளத்தில் துரு பூத்து, சீலைப் பிதுக்கி, பிஸ்டனை இறுக்கியிருக்கும். புதிய சீல் போடும் முன் அந்தப் பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்யாவிட்டால் பயனில்லை. ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கிப்போனால் அழுத்தம் போகும், திரும்பி வராது. பிரேக் உரசிக்கொண்டே ஓடும். மாஸ்டர் சிலிண்டரில் திரவம் திரும்பி வரும் ஊசித்துளை அடைத்தாலும் இதே தொல்லைதான்.

அந்த டிஸ்க் பிரேக்கை மேம்படுத்த ஆசை வந்தால் பெரிய மாஸ்டர் சிலிண்டரைத் தேடாதீர்கள். பெரிதானால் லீவர் கெட்டியாக இருக்கும், பலமான பிரேக் என்று விரல் ஏமாறும். 14 மி.மீ. துளைக்குப் பதிலாக 12.7 மி.மீ. போட்டால் அதே கைபலத்துக்குச் சுமார் 21 சதவீதம் கூடுதல் அழுத்தம் கிடைக்கும். லீவர் நகரும் தூரமும் அதே அளவு கூடும். எஃகுவலை சுற்றிய ஹோஸ் போட்டால் அந்தத் தூரம் கொஞ்சம் குறையும். பிரேக் திரவம் டாட் 4 தரம் போதும். சிலிக்கோனில் செய்த டாட் 5ஐ அதோடு கலக்கவே கூடாது.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் லைனிங்கைத்தான் முதலில் முடிப்பேன். லேத்துக்குப் போகும்போது ஷூவை மட்டும் பையில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். ஷூ மாட்டிய பிளேட்டையும், ஸ்போக் இறுக்கிய முழுச் சக்கரத்தையும் கொண்டுபோங்கள். ஸ்போக்கின் இழுப்பிலேயே டிரம் வட்டம் தவறும், டிரம்மைக் கடைய வேண்டியிருந்தால் சக்கரத்தோடு வைத்துத்தான் கடைய வேண்டும்.