பெடல் அமுங்குதா? ஏர் எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

(ஏர் எடுப்பது என்றால் பிரேக் குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியேற்றுவது. ஒவ்வொரு ஊர்ப் பெயரின் கீழும் அந்த ஊர்க்காரர் சொல்வது.)

காரைக்குடி

நம்ம பக்கத்தில் பிரேக் பெடல் அமுங்குற புகார் அதிகம் வருவது நின்ற வண்டியில்தான். படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் ஊருக்கு வரும் வீடுகளில், மாசக்கணக்கில் கார் ஷெட்டிலேயே கிடக்கும். "வண்டி ஓடவே இல்லையே, பிரேக் ஆயில் எதுக்கு மாத்தணும்?" என்று கேட்பாங்க. பிரேக் ஆயில் ஓடித் தேய்கிற சாமான் இல்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டே கெடும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதுசில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கணும். 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிதான். டாட் 4-க்கு இதே கணக்கு 230, 155. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. கொடைக்கானல் இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தால் சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரில் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரை வரை போகும். ஆறினதும் பெடல் திரும்ப வந்துவிடும். அதைப் பார்த்து சரியாகிவிட்டது என்று விட்டுவிடாதீங்க. ஓடினாலும் நின்றாலும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயிலை முழுசா மாற்றுங்க.

அடுத்தது, பெடல் அமுங்குது என்றதும் நேரே ஏர் எடுக்கிற நிப்பிளில் (சக்கரத்துப் பிரேக்கில் இருக்கும் சின்னத் திருகு) ஸ்பானரைப் போடாதீங்க. இன்ஜினை அணைத்து, ஐந்தாறு தடவை மிதித்து பூஸ்டரில் (மிதிக்கிற பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் பாகம்) இருக்கும் வேக்கத்தை, அதாவது வெற்றிடத்தை, காலி பண்ணுங்க. அப்புறம் கால் சொல்லும். மிதிக்க மிதிக்க பெடல் மேலே வந்து, ஆனால் பஞ்சு மாதிரி துள்ளினால் உள்ளே காற்று இருக்கு. மேலே வந்து கெட்டியாக நின்றால் பின் டிரம்மில் ஷூ (டிரம்மின் உள்பக்கம் உரசி வண்டியை நிறுத்துவது) இடைவெளி கூடிப்போச்சு. சந்தேகமென்றால் ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மிதிச்சுப் பாருங்க. பெடல் உயரம் கூடினால் காற்று இல்லை, பின் ஷூவை அட்ஜஸ்ட் பண்ணாலே போதும். ஒரே அழுத்தத்தில் அரை நிமிஷம் காலை வைத்திருக்கும்போது மெள்ள மெள்ளக் கீழே இறங்கினால், ஒன்று வெளியே ஒழுகுது, இல்லையென்றால் பெடல் அழுத்தத்தை ஆயிலுக்குக் கொடுக்கும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ரப்பர் போச்சு. காலை வைத்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது பெடல் கொஞ்சம் இறங்குவது பழுது இல்லை, பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

தேவகோட்டை

மேலே சொன்னதில் ஒழுகலைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். ஒழுகல் எப்போதும் தரையில் சொட்டாது. பின் டிரம்மைக் கழற்றி, ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் இரு பக்கமும் இருக்கும் தூசி ரப்பரின் ஓரத்தைச் சின்ன ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருக்க வேண்டும். செம்மண் தூசியோடு குழைந்த கறுப்புச் சேறு இருந்தாலோ, தூக்கியதும் ஆயில் வழிந்தாலோ அந்தச் சிலிண்டர் முடிந்தது. உள்சுவரில் துருப் புள்ளி விழுந்திருந்தால் ரப்பர் கிட்டு மட்டும் போட்டு மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள், புது ரப்பரையும் அந்தத் துரு அறுத்துவிடும். சிலிண்டரையே மாற்றுங்கள். ஆயில் ஊறிய ஷூவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மாட்டுவதும் கூடாது. இரண்டு பக்கமும் ஜோடியாகப் புதுசு போட வேண்டும், இல்லையென்றால் பிரேக் ஒரு பக்கம் இழுக்கும்.

எங்கும் ஈரமில்லை, ஆனாலும் மாஸ்டர் சிலிண்டருக்கு மேலிருக்கும் டப்பாவில் ஆயில் குறைகிறதா? மாஸ்டர் சிலிண்டரின் பின் சீல் வழியாக பூஸ்டருக்குள் போகிறது. இரண்டு நட்டைக் கழற்றி, மாஸ்டரைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினால் அடியில் தெரிந்துவிடும். பேட் தேயத் தேய லெவல் சிறிது இறங்குவது இயல்புதான்.

ரப்பர் பாகங்களைப் பெட்ரோலிலும் மண்ணெண்ணெயிலும் கழுவும் பழக்கம் இன்னும் போகவில்லை. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் இந்த ரப்பர் ஊதிவிடும். புது பிரேக் ஆயிலிலேயே கழுவுங்கள்.

கானாடுகாத்தான்

ஏர் எடுக்கிற விதத்துக்கு வர்றேன். ஆயில் முழுசா மாற்ற 1 லிட்டர், ஏர் மட்டும் எடுக்க 500 மில்லி. சீல் உடைக்காத பாட்டில்தான் வாங்கணும். நின்ற வண்டியில் நிப்பிள் துருப்பிடித்திருக்கும், ஓட்டையில் மண் அடைத்திருக்கும். முதல் நாள் சாயங்காலமே துரு ஸ்பிரே அடித்து வைங்க. நிப்பிள் அளவு 8 அல்லது 10 மில்லிமீட்டர் இருக்கும், ரிங் ஸ்பானரே போடுங்க. ஓபன் ஸ்பானர் முனையை மழுக்கிவிடும்.

உள்ளே தெரிகிற குழாயை நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றின பாட்டிலில் முக்குங்க. உள்ளே இருக்கிறவர் மெதுவாக மூன்று தடவை மிதித்துப் பிடிக்கணும். கீழே இருக்கிறவர் கால் சுற்று திறந்து, பெடல் இறங்கி முடியும் முன் மூடணும். மூடின பிறகுதான் காலை எடுக்கணும். குழாயில் முதலில் பழுப்பு ஆயிலோடு பெரிய குமிழ் வரும், பிறகு கடுகளவு குமிழ்கள் வரிசையாக வரும். அதுவும் நின்று, புது ஆயிலின் நிறம் தெரியும் வரை விடாதீங்க. நாலைந்து மிதிக்கு ஒரு தடவை டப்பாவைப் பாருங்க. மேலே காலியானால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கணும்.

பழைய மாஸ்டரில் பெடலைத் தரை வரை மிதிக்க விடாதீங்க, அடியில் ஒரு மரக்கட்டை வைங்க. தினமும் ரப்பர் போகாத கடைசிப் பகுதியில் துரு இருக்கும். அங்கே போய் வந்தால் நல்ல சீலும் கிழியும்.

நம்ம ஊர் வண்டியில் மாஸ்டர் வலது பக்கம். அதனால் தூரமான பின் இடதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வரலாம். குறுக்குக் குழாய் அமைப்பாக (ஒரு முன் சக்கரமும் எதிர்ப்பக்கப் பின் சக்கரமும் ஒரே இணைப்பில்) இருந்தால் பின் இடது, முன் வலது, பின் வலது, முன் இடது. வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. நிப்பிளை அளவாக இறுக்குங்க, மரை போனால் காலிப்பரே போச்சு.

புதுக்கோட்டை

எத்தனை தடவை ஏர் எடுத்தும் பஞ்சாகவே இருந்தால், காலிப்பர் இடம் மாறி மாட்டியிருக்கா என்று பாருங்க. நிப்பிள் மேல் பக்கம் இருக்கணும். இடதும் வலதும் மாறினால் அது கீழே வந்துவிடும், காற்று மேலேயே தங்கிவிடும். அதுவும் சரியென்றால், ஒருவர் மிதிக்கும்போது முன் சக்கர ரப்பர் ஓஸைக் கையால் பிடிச்சுப் பாருங்க. உப்பினால் மாத்துங்க. ஏபிஎஸ் (மிதிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) யூனிட்டுக்குள் காற்று புகுந்திருந்தால் ஸ்கேனர் போட்டு அதன் பம்ப்பை ஓடவிட்டுத்தான் எடுக்கணும், வெறும் மிதியில் வராது.

காரைக்குடி

நிறுத்திவிட்டுப் போகிறவங்க ஹேண்ட்பிரேக் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்க. ஷூ டிரம்மோடு ஒட்டாது. வேலை முடிந்ததும் வாசலை விட்டு எடுக்கும் முன் இன்ஜின் ஓட்டத்தில் பெடலை மிதித்துப் பாருங்க, பிறகு ஆளில்லாத இடத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்திப் பாருங்க. பெயிண்டில் ஆயில் சிந்தியிருந்தால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்க, விட்டால் பெயிண்ட் உரிந்துவிடும்.