உடைந்த பீங்கானைத் தேடி வாங்குகிறவனின் அனுபவம்

சீனப் பழம்பொருள் சேகரிக்கிறவர்களில் பெரும்பாலானோர் விரிசல் விட்டது, விளிம்பு பெயர்ந்தது, ஒட்டுப்போட்டது எதையும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நான் நேர்மாறு. என் அலமாரியில் பாதிக்கு மேல் உடைந்தவை, தெரிந்தே வாங்கியவை. விலை குறைவு என்பது ஒரு காரணம்தான். முழுசாக இருக்கும் பாத்திரம் உள்ளே மறைத்து வைத்திருப்பதை உடைந்த பாத்திரம் அப்படியே காட்டிக்கொடுத்துவிடும். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் முதலில் உடைந்ததை வாங்கிப் பழகட்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

சிங்கப்பூரில் வளர்ந்தவன் என்பதால் இந்தப் பழக்கம் சுலபமாக வந்தது. தேக்காவில் காய்கறி வாங்கிவிட்டு அப்படியே நடந்தால் சுங்கை ரோடு சந்தை. 2017 ஜூலை 10-ஆம் தேதி அதை மூடும்வரை, தரையில் கித்தான் விரித்துப் பழைய கைக்கடிகாரம், வயர், நாணயம் என்று பரப்பியிருப்பார்கள். நடுவே தட்டுமுட்டுப் பீங்கானும் கிடக்கும். அங்கே ஒரு சீன அங்கிளிடம், இரண்டாக உடைந்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பெரிய தட்டு ஒன்று இருந்தது. மேலே நீலத்தில் அவசரமாக வரைந்த பூவும் பறவையும். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தட்டை வாங்கிக் கவிழ்த்து, என் விரலைப் பிடித்து அடிவளையத்தின் மேல் ஓடவிட்டார். சுரசுரவென்று மணல் ஒட்டியிருந்தது. சூளையில் பாத்திரம் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கத் தூவிய மணல், மெருகோடு (மண் மேல் பூசிச் சுடும் கண்ணாடிப் பூச்சு) சேர்ந்து வெந்து அங்கேயே தங்கிவிட்டது. அப்புறம் ரப்பர் பேண்டைக் கழற்றி உடைந்த விளிம்பைக் காட்டினார். உள்ளே மண் வெள்ளையாக இல்லை. சாம்பல் நிறம், அங்கங்கே கரும்புள்ளி. அதன்மேல் மெருகு தனிப் படலமாக உட்கார்ந்திருந்தது.

அது ஃபூஜியன் மாநிலத்துச் சாங்சோ சூளைகளின் சரக்கு. 16-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் ஜப்பானுக்கும் கப்பல் கப்பலாகப் போனவை. பிறகு சீனாவின் பேர்போன பீங்கான் நகரமான ஜிங்டெசெனில் செய்த, மிங் வம்ச ஆட்சிக்கால ஓட்டுத் துண்டு ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கயோலின் களிமண்ணும் பீங்கான் கல்லும் கலந்து, 1300 டிகிரி செல்சியஸ் அளவில் சுட்டது. மண் எங்கே முடிகிறது, மெருகு எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்லவே கடினமாக இருந்தது. இந்த இரண்டு துண்டையும் கையில் வைத்துப் பார்த்த அன்று கிடைத்த தெளிவு, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் முழுப் பாத்திரங்களைப் பார்த்து எனக்குக் கிடைத்ததே இல்லை.

ஓடு என்றதும் நம் ஊர் ஞாபகம் வரும். ராமநாதபுரம் பக்கத்துப் பெரியபட்டினத்தில் நடந்த அகழாய்வில் சீனாவின் லோங்சுவான் சூளைகளில் செய்த பச்சைப் பீங்கான் உட்பட சீன ஓடுகள் கிடைத்திருக்கின்றன. அந்த மாதிரி இடங்களுக்குப் போகிறவர்கள் தயவுசெய்து எதையும் எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். எந்த மண்ணடுக்கில் எதனோடு கிடந்தது என்பது போய்விட்டால் அந்த ஓடு சொல்ல வேண்டிய செய்தியில் பெரும்பகுதி போய்விடும். கடையில் விற்கிற ஓடு, பழைய வீட்டுச் சாமானில் வந்தது, இவை போதும்.

அடுத்து, பாத்திரத்தின் அடியில் எழுதும் முத்திரை விஷயம். ஒரு கடையில் 17-ஆம் நூற்றாண்டுச் சீனப் பேரரசர் காங்ஷி காலத்து நீல வெள்ளைத் தட்டு, ஓரத்தில் மயிரிழை விரிசல். எனக்கு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தவர் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் இரட்டை வட்டம், அதற்குள் ஓர் இலை மட்டும். அரசர் பெயர் இல்லையே என்று கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அந்த இலைதான் வேண்டும். 1677-இல் ஜிங்டெசென் அடங்கிய ஃபூலியாங் வட்டார அதிகாரி, பீங்கானில் பேரரசரின் ஆட்சிப்பெயரை எழுதக் கூடாது என்று தடை போட்டார். பாத்திரம் உடைந்து குப்பைக்குப் போனால் அரசர் பெயரும் மிதிபடுமே என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. அதனால்தான் அந்தக் காலத்துத் தட்டுகளில் வெறும் வட்டமும், இலையும், வேறு மங்கலச் சின்னங்களும் நிறைய வருகின்றன. இன்னொரு பக்கம், காங்ஷி காலத்துக் குயவர்களே இருநூறு ஆண்டுக்கு முந்தைய மிங் அரசர் செங்ஹுவாவின் பெயரையும் எழுதினார்கள், முன்னோர் மேல் வைத்த மரியாதையாக. நேற்றுச் செய்த குடுவையிலும் 18-ஆம் நூற்றாண்டுப் பேரரசர் சியன்லோங்கின் முத்திரை அழகாக இருக்கும். ஆகவே முத்திரையைக் கடைசியில் பாருங்கள். முதலில் அடிவளையம், அப்புறம் எடை, மெருகு, நீலத்தின் ஆழம்.

போலிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது, நான் சுருக்கமாகச் சொல்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாள் வேலை. பல தலைமுறை புழங்கிய தட்டில் கீறல் கண்டபடி ஓடும். மெருகு ஒரேயடியாக மங்கிக் கிடந்தால் அமிலம் போட்டிருக்கலாம். புற ஊதா டார்ச் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பூசி மறைத்த இடம் பெரும்பாலும் இருட்டில் வேறு நிறத்தில் தனியாகத் தெரியும். மறைத்த உடைசல்தான் ஏமாற்று. தெரிகிற உடைசலில் எந்த ஏமாற்றும் இல்லை.

படித்தவர்களின் எழுதுமேசைச் சாமான்கள் பக்கம் நான் வந்ததும் ஒரு பிளவு வழியாகத்தான். மூங்கில் தூரிகைக் குவளை, வாயிலிருந்து பாதிவரை பிளந்திருந்தது. மூங்கிலின் மெல்லிய பச்சைத் தோலைப் படத்துக்கு மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சீவி எடுக்கும் வேலைப்பாடு. காலம் போகப்போகத் தோல் வெளிர்மஞ்சளாகவே நிற்கும், சீவின தரை செம்பழுப்பாக இருண்டுகொண்டே போகும். ஆற்றோரம் உட்கார்ந்திருக்கும் கிழவர் ஒருவர், நகத்தளவு உயரம்கூட இல்லை, மங்கிய தரையிலிருந்து அப்படிப் பளிச்சென்று எழுந்து நின்றார். பிளவுக்குள் எட்டிப் பார்த்தால் நிறம் மெதுவாகக் குறைந்துகொண்டே போவது தெரிந்தது. சாயம் தோய்த்ததாக இருந்தால் மேலே கறுப்பும் உள்ளே பச்சை மரமுமாகச் சட்டென்று மாறியிருக்கும். மூங்கில் வைத்திருக்கிறவர்கள் ஏர்கான் காற்று நேராகப் படும் இடத்தில் வைக்காதீர்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் நூறு வருஷம் இருந்தது குளிர் அறையில் சீக்கிரமே வெடித்துவிடலாம்.

தந்தச் செதுக்கல்களை நான் வாங்குவதில்லை, எவ்வளவு பழையதானாலும் சரி. சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தப் பொருள் விற்பனைக்கே தடை. சட்டம் வருவதற்கு முன்பும் எனக்கு மனசு வந்ததில்லை.

மை அரைக்கும் கல்லைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓய்வுபெற்ற சீன எழுத்தோவிய ஆசிரியர். எல்லோரும் அவரை லாவ்ஷி (சீனத்தில் ஆசிரியர்) என்றுதான் கூப்பிடுவோம். குவாங்டோங்கின் சாவ்சிங்கில் எடுக்கும் துவான் கல், மூலை உடைந்தது, மூடி இல்லாதது, ஒன்றை அவரிடம் கொண்டுபோனேன். கல்லின் வயதைப் பற்றி அவர் பேசவே இல்லை. கல் மேல் வாய்வைத்து ஊதினார், ஈரம் படிந்து நின்றது. சில சொட்டுத் தண்ணீர் விட்டு மைக்கட்டியை நேராகப் பிடித்து மெதுவாக வட்டமாக அரைத்தார். சத்தமே இல்லை, மைக்கட்டி கல்லோடு லேசாக ஒட்டி ஒட்டி நகர்ந்தது. நடுவில் எத்தனையோ பேர் அரைத்து அரைத்துக் குழிந்திருந்த இடத்தை என் கட்டைவிரலால் தடவச் சொன்னார். பிறகு கல்லை அவரே கழுவித் துடைத்துக் கொடுத்தார். மை காய விட்டால் அடுத்த முறை கல் மைக்கட்டியைக் கடிக்காது, இது ஒன்றை மட்டும் மறக்காதே என்றார்.

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்தது. சியன்லோங் காலத்து ஏற்றுமதிக் கிண்ணம், பக்கவாட்டில் நீள விரிசல், அதன் குறுக்கே வரிசையாகப் பித்தளைக் கவ்விகள், ஸ்டேப்ளர் பின் அடித்த மாதிரி. வைரமுனைத் துளைக்கருவியால், மறுபுறம் வந்துவிடாமல் பாதி ஆழம் மட்டும் துளை போட்டு, கவ்வியின் கால்களை அதில் இறக்குவார்கள். கவ்வியின் இழுவிசைதான் இரண்டு பக்கத்தையும் பிடித்து வைக்கிறது. வைரத் துளைக்கருவி இல்லாதவன் பீங்கான் வேலை ஏற்காதே என்று சீனர்களிடம் பழமொழியே உண்டு. உள்பக்கம் விரலால் தடவினால் ஒன்றும் தட்டாது. அந்த மெல்லிய சுவரில் பாதிவரை மட்டும் துளைத்து நிறுத்திய கையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புத்தான்.

டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் ஒரு லோங்சுவான் கிண்ணம் இருக்கிறது. 15-ஆம் நூற்றாண்டில் ஜப்பானின் ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) அஷிகாகா யோஷிமாசாவிடம் இருந்தபோது விரிசல் விட்டதாம். இதே போல வேறொன்று வேண்டும் என்று சீனாவுக்கு அனுப்பினார். இவ்வளவு நல்லதை இப்போது செய்ய முடியாது என்று, இரும்புக் கவ்வி போட்டு அதையே திருப்பி அனுப்பினார்கள் என்பது அதன் வரலாறு. அந்தக் கவ்விகளாலேயே அது பேர் பெற்றது.

என் கிண்ணத்தின் கவ்விகளை எடுத்துவிட்டு, துளைகளை அடைத்து, பூச்சுப் பூசினால் நல்ல விலை போகும் என்று ஒரு வியாபாரி சொன்னார். மாட்டேன் என்றுவிட்டேன். இருநூறு வருஷம் முன்னால் யாரோ இதைத் தூக்கிப் போடாமல் காசு கொடுத்துச் சரிசெய்து திரும்பப் புழங்கியிருக்கிறார்கள். அந்தத் தடயம்தான் எனக்கு வேண்டியது. உங்கள் வீட்டிலோ சேகரிப்பிலோ கவ்வி போட்ட பாத்திரம் இருந்தால் சொல்லுங்கள்: கவ்வி பித்தளையா இரும்பா, துளை உள்பக்கம் வரை போயிருக்கிறதா, எந்த ஊரில் வாங்கியது. சீனாவில் போட்ட கவ்விக்கும் ஐரோப்பாவில் போட்டதற்கும் வேலைப்பாட்டில் என்ன வித்தியாசம் என்று பொருளோடு பொருள் வைத்துப் பார்க்க ஆசை.