கேத்தே கோல்விட்ஸ் கட்டுரை: எட்சிங், லித்தோகிராபி, வுட்கட் மூன்றுக்கும் ஒரே சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஜெர்மன் ஓவியர் கேத்தே கோல்விட்ஸைப் பற்றிய கட்டுரை வரைவைப் படித்தேன். அவர் படங்களை அச்சிட்ட எட்சிங் (தகட்டை அமிலத்தால் அரித்து அச்சிடுவது), லித்தோகிராபி (கல்லில் வரைந்து அச்சிடுவது), வுட்கட் (மரத்தில் வெட்டி அச்சிடுவது) ஆகிய மூன்று முறைகளுக்கும் 'செதுக்கோவியம்' என்று ஒரே சொல்லைப் போட்டிருப்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. எந்தப் படத்தை எந்த முறையில் அச்சிடுவது என்று கோல்விட்ஸ் ஆயுள் முழுக்கப் போராடியவர். அந்தப் போராட்டமே கட்டுரையில் மறைந்துவிடுகிறது.

'நெசவாளர் கிளர்ச்சி' வரிசையை (1893–97) எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு படங்கள். எட்சிங்கில் அப்போது அவருக்குக் கை படியவில்லை. அதனால் முதல் மூன்றும் லித்தோகிராபி, அடுத்த மூன்றும் எட்சிங். இதற்குப் பரிந்துரைத்த தங்கப் பதக்கத்தை 1898இல் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் மறுத்த செய்தி வரைவில் நன்றாகவே வந்திருக்கிறது.

இன்னும் தெளிவான சான்று லீப்க்னெக்ட் படம். 1919 ஜனவரியில் ஜெர்மன் இடதுசாரித் தலைவர் கார்ல் லீப்க்னெக்ட் கொல்லப்பட்டார். அவருடைய குடும்பத்தார் அழைத்ததால் கோல்விட்ஸ் பிணவறைக்குப் போய் அவருடைய உடலைப் பார்த்து வரைந்து வந்தார். அதை எட்சிங்காகச் செய்து பார்த்தார், நிறைவில்லை. லித்தோகிராபியிலும் சரிவரவில்லை. 1920இல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் வுட்கட்களைப் பார்த்த பிறகுதான் மரத்தைக் கையில் எடுத்தார். கறுப்பும் வெள்ளையும் மட்டுமே, நடுவில் மென்மையான நிழல் கிடையாது. படத்தில் லீப்க்னெக்டின் உடலருகே குனிந்து நிற்கும் தொழிலாளர்களின் துக்கத்துக்கு அதுதான் பொருந்தியது. 1914இல் போரில் இறந்த மகன் பீட்டரின் துயரத்திலிருந்து பிறந்த 'போர்' வரிசையின் ஏழு படங்களும் (1921–22) வுட்கட்தான். இதையெல்லாம் ஒரே சொல்லால் எழுதினால் வாசகருக்கு என்ன புரியும்?

சரி, சொற்களுக்கு வருகிறேன். மரத்தில் வெட்டிய இடம் வெள்ளையாக நிற்கும், வெட்டாத மேடுதான் மையை வாங்கும். எட்சிங்கில் நேர்மாறு. செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, அமிலத்தில் இடுவார்கள். அமிலம் தின்ற பள்ளத்தில் மை தங்கும். ஈரத்தாளை அழுத்தி அதை எடுப்பார்கள். லித்தோகிராபியில் செதுக்கலே கிடையாது. கல்லில் எண்ணெய்ப்பசையுள்ள கோலால் வரைகிறார்கள், மை பசையில் மட்டும் ஒட்டுகிறது. ஆகவே என் பரிந்துரை: வுட்கட்டுக்கு மரவெட்டு (கல்வெட்டு நமக்குப் பழகிய சொல்தானே), எட்சிங்குக்கு அமிலக் குழியச்சு, லித்தோகிராபிக்கு ஏற்கெனவே வழங்கும் கல்லச்சு.

எட்சிங்குக்கு 'அரிப்போவியம்' என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். கடலரிப்பு, மண்ணரிப்பு என்று சொல்கிறோம், பொருளில் பிழையில்லை. ஆனால் தனியாக நிற்கும்போது தோல் அரிப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. 'குழியச்சு' என்பதில் இன்னொரு வசதியும் உண்டு. அமிலமின்றி உளியாலேயே தகட்டில் கோடு கிழிக்கும் முறையை உளிக் குழியச்சு என்று அதன் பக்கத்திலேயே வைக்கலாம்.

அப்புறம், கோல்விட்ஸை 'அச்சுக்கலைஞர்' என்றால் அச்சகத்தில் வேலை செய்தவர் என்று நினைப்பார்கள். அச்சோவியர் எனலாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

ஒன்று பாக்கி. 'விவசாயிகள் போர்' வரிசையில் தகட்டின் மென்மையான பூச்சின் மேல் துணியை அழுத்தி, அந்த நெசவின் தடத்தையே படத்துக்குள் கொண்டுவந்திருக்கிறார். இந்த முறைக்கு 'மென்பூச்சு' என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். பிசின் தூளை உருக்கி நிழல் கொடுக்கும் அக்குவாடின்டுக்கு எனக்கு நல்ல சொல் எதுவும் அமையவில்லை. யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.