நாளைக்கு 12 மணிக்கு றவுண்டபவுட்டடியில

லண்டனில எங்கட லூயிசம் ஆஸ்பத்திரியைக் குறைக்கப் போயினம் எண்டு சனம் எழும்பின நேரம், 2013-ல, எங்கட குடும்ப வாட்ஸ்அப் குழுவில ஓடின செய்தியள். பேருகளை எடுத்திட்டு முறையளை மட்டும் விட்டிருக்கிறன்.

25 ஜனவரி 2013, வெள்ளி

சித்தி: எல்லாரும் கவனியுங்கோ. நாளைக்கு 12 மணிக்கு லூயிசம் ஸ்டேசனடி றவுண்டபவுட்டில சந்திக்கிறம். அங்கயிருந்து ஆஸ்பத்திரியைத் தாண்டி மவுண்ட்ஸ்ஃபீல்ட் பார்க் மட்டும் நடை. பிள்ளையளுக்குத் தொப்பி மறக்காதேங்கோ.

அம்மா: நான் வாறன். பிளாஸ்கில தேத்தண்ணி கொண்டு வாறன்.

வுலிச் அண்ணா: சித்தி, ஒண்டு விளங்கேல்லை. கடனில விழுந்தது எங்கட பக்கத்து ஆஸ்பத்திரியள். பிறகேன் லூயிசத்தில கை வைக்கினம்?

சித்தி: அதுதான் தம்பி என்ர கேள்வியும். வுலிச், சிட்கப், ஓர்பிங்ரன் ஆஸ்பத்திரியள் எல்லாம் ஒரு ட்ரஸ்ட், ஒரே நிர்வாகம். பிஎஃப்ஐ எண்டு தனியாரிட்டக் கடன்பட்டுக் கட்டின கட்டிடங்கள், கிழமைக்குப் பத்து லட்சம் பவுணுக்கு மேல நட்டம். போன ஜூலையில அரசாங்கம் அதை ஒரு நிர்வாகியின்ர கையில குடுத்தது. அவர் ஒக்டோபரில அறிக்கை விட்டார், லூயிசத்தில ஏ அண்ட் ஈயை, அதுதான் அவசர சிகிச்சைப் பிரிவை, மூடச் சொல்லி, பிரசவ வாட்டைக் குறைக்கச் சொல்லி. லூயிசம் அந்த ட்ரஸ்டிலயே இல்லை! வரவுக்குள்ள செலவு பாத்து நடக்கிற ஆஸ்பத்திரி.

வுலிச் அண்ணா: அடுத்த வீட்டான் பட்ட கடனுக்கு எங்கட வளவை ஈடு வைக்கிற கதை.

மாமா: நான் வரேல்லை. குறை நினையாதேங்கோ.

அம்மா: ஏன் அண்ணை, முழங்கால் நோகுதோ?

மாமா: முழங்காலுக்கு ஒண்டுமில்லை. நடந்து என்னத்தைக் கண்டம்? 2009-ல வன்னிச் சண்டையை நிப்பாட்டச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால 73 நாள். வேலை முடிய ஒவ்வொரு நாளும் போனனான், உங்களுக்குத் தெரியும். இனிக் கொடியும் தூக்கிறேல்லை, சுலோக மட்டையும் தூக்கிறேல்லை எண்டு அண்டைக்கே முடிவெடுத்திட்டன்.

(இதுக்குப் பிறகு இருவது நிமிசம் ஒருத்தரும் ஒண்டும் எழுதேல்லை.)

நான்: மாமா, அதுக்கு மறுமொழி சொல்ல எனக்கு வாய் வராது. நானும் அங்க நிண்டனான்.

சித்தி: அண்ணை, அதையும் இதையும் நான் ஒண்டாக்கேல்லை. எங்கட சின்னவனுக்கு முட்டு இழுத்த இரவை மட்டும் நினைச்சுப் பாருங்கோ. சொண்டு நீலம் பாரிச்சுப் போச்சு. நீங்கள்தான் காரை எடுத்தனீங்கள். கற்ஃபோட்டில இருந்து பத்து நிமிசம் ஆகேல்லை, உள்ளுக்குக் கொண்டுபோய் மாஸ்க் பூட்டிப் போட்டினம். அண்டைக்கு வுலிச் மட்டும் ஓட வேண்டி வந்திருந்தால்?

மாமா: ஞாபகம் இருக்கு. அவன்ர நெஞ்சு இழுத்த சத்தம் இப்பவும் காதில கேக்குது.

மாமி: இவருக்குக் கார் இருக்கு. எனக்கு ஓடத் தெரியாது. இப்ப 54 பஸ்ஸில ஏறினா ஆஸ்பத்திரி வாசலில இறங்குறன். வுலிச்சுக்கெண்டால் அதே 54 பிளாக்ஹீத், சார்ல்ரன் எல்லாம் சுத்திப் போகும். கைப்பிள்ளையோட ஒரு தாய் நடுச்சாமத்தில என்ன செய்வாள்?

மாமா: நவம்பர் ஆர்ப்பாட்டத்துக்கு எத்தினை பேர் வந்தவை?

சித்தி: ஆயிரக்கணக்கில. கொட்டுற மழை. ஆஸ்பத்திரியைச் சுத்திக் கைகோத்து நிண்டம். ஆஸ்பத்திரி டொக்ரர்மார், நேர்ஸ்மார், ஜீபீ எண்ட குடும்ப டொக்ரர்மார் எல்லாரும் சனத்தோட சனமா.

மாமா: பாப்பம்.

26 ஜனவரி, சனி

நான்: றவுண்டபவுட்டில நிக்கேலாத சனம். அண்ணா, எங்க நிக்கிறீங்கள்?

வுலிச் அண்ணா: ஸ்டேசன் வாசலால வெளியில வரேலாமல் நிக்கிறன். 

மாமா: நான் ஆஸ்பத்திரி வாசலில நிக்கிறன். நீங்கள் இதாலதானே வருவியள், சேர்ந்து கொள்ளுறன்.

அம்மா: அண்ணை வந்திட்டீங்களோ!

மாமா: ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை தன்ர மட்டையை என்ர கையில தந்திட்டுக் குழந்தைக்குப் பால் குடுக்குது. அது திருப்பி வாங்கிற மட்டும் நான் அசையேலாது.

சித்தி: 25,000 பேர் எண்டு ஒழுங்குபடுத்தினவை சொல்லினம். எல்லாரும் வீட்டை போய்ச் சேர்ந்திட்டீங்களோ? நாளைக்குத் தைப்பூசம், கோயிலில சந்திப்பம். கையெழுத்துப் படிவம் கொண்டு வாறன்.

31 ஜனவரி, வியாழன்

வுலிச் அண்ணா: சுகாதார அமைச்சர் ஹன்ட் பாராளுமன்றத்தில சொல்லிட்டார். ஏ அண்ட் ஈயைச் சின்னதாக்கி வைப்பினமாம். பிரசவத்துக்கு மருத்துவிச்சிமார் மட்டும் நடத்திற பிரிவு.

நான்: பிரசவத்தில சிக்கல் வந்தால்?

வுலிச் அண்ணா: வேற ஆஸ்பத்திரிக்கு ஏத்துவினம்.

மாமா: நான் அண்டைக்கே சொன்னனான்.

மாமா: மேல எழுதினதை எப்பிடி அழிக்கிறது? அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாது. அடுத்தது என்ன செய்யப் போயினம்?

சித்தி: கோர்ட் அண்ணை. கவுன்சிலும் வழக்குப் போடுது, சேவ் லூயிசம் குழுவும் தனியாப் போடுது. வழக்குச் செலவுக்குச் சனத்திட்டத்தான் காசு சேர்க்க வேணும்.

மாமா: என்ர பேரில 50 பவுண் போடு. மாமி 20.

31 ஜூலை, புதன்

நான்: வெண்டிட்டம்!!! ஹை கோர்ட் தீர்ப்பு வந்திட்டுது. நீதிபதி சில்பர். லூயிசத்தைக் குறைக்க அமைச்சருக்கு அதிகாரமே இல்லையாம். நிர்வாகியைப் போட்டது மற்ற ட்ரஸ்டுக்கு, அந்தச் சட்டம் லூயிசத்துக்கு நீளாது எண்டு சொல்லிப் போட்டார்.

வுலிச் அண்ணா: அடுத்தவன்ர வளவை ஈடு வைக்கேலாது!

அம்மா: முருகா. கையெல்லாம் நடுங்குது எனக்கு.

சித்தி: பஸ்ஸுக்குள்ள இருந்து அழுறன்.

மாமா: அப்பீல் போவினம். அந்தப் படிவங்களை எறிஞ்சு போடாதேங்கோ.

29 ஒக்டோபர், செவ்வாய்

சித்தி: அமைச்சற்ற அப்பீலையும் கோர்ட் தள்ளுபடி செய்திட்டுது. ஆனா இப்ப கேர் பில் எண்ட புதுச் சட்ட மசோதாவில அரசாங்கம் ஒரு திருத்தம் கொண்டு வருகினம், நிர்வாகிமார் பக்கத்து ஆஸ்பத்திரியளிலயும் கை வைக்கலாம் எண்டு. கோர்ட்டில தோத்ததைச் சட்டத்தை மாத்தி எடுக்கப் பாக்கினம். எம்பிக்குக் கடிதம் எழுத வேணும்.

நான்: நான் எழுதித் தாறன் சித்தி. எல்லாரும் தங்கட தங்கட சொல்லில மாத்தி எழுதுங்கோ, ஒரே கடிதமா இருந்தால் வாசிக்க மாட்டினம்.

மாமா: எனக்கும் அனுப்பு பிள்ளை. வியாழன் 9:40-க்கு முழங்கால் கிளினிக், லூயிசத்தில. காத்துக்கொண்டிருக்கேக்க எழுதுவன். ஆரும் கார் கொண்டு வர வேண்டாம், 54-ல போறன்.