அப்பாவின் மோரிஸ் மைனருக்கு வீட்டிலேயே வயரிங் மாற்றிய அனுபவம்

ஆயர் ஈத்தாமிலிருந்து:

நிபோங் திபால் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா கிராணியாக (எழுத்தராக) இருந்தபோது வாங்கிய மோரிஸ் மைனர் 1000 இது. 1985இல் பினாங்குப் பாலம் திறக்கும்வரை, தைப்பூசத்துக்கு இந்தக் காரைப் பெர்ரியில் ஏற்றித்தான் தண்ணீர்மலைக்கு வருவோம். அப்பா போனபின் பத்து வருடத்துக்கு மேல் போர்ச்சிலேயே நின்றது. விற்க மனம் வரவில்லை.

தகர வேலையையும் பெயிண்டையும் பட்டறையில் கொடுத்துவிட்டேன். வயரிங்கை மட்டும் நானே செய்தேன். டேஷ்போர்டுக்குக் கீழே துணிப் பின்னல் போட்ட வயர்கள் தொட்டாலே உதிர்ந்தன. நம் ஊர்க் கடற்காற்றில் செம்பு பச்சை பூத்துக் கிடந்தது. நடுநடுவே யாரோ போட்ட ஒட்டுகள், எல்லாம் ஒரே சிவப்பு வயரில். எது எங்கே போகிறது என்று யாருக்குத் தெரியும்?

முதலில் பேட்டரியைக் கழற்றினேன். அப்புறம் ஒவ்வொரு முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, எண் எழுதி, போட்டோ எடுத்தேன். இரண்டு சனி ஞாயிறு அதற்கே போயின. அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். பழைய வயர்க்கட்டை ஹால் தரையில் அப்படியே விரித்து, அதன் அளவிலேயே புதியதைக் கட்டினேன்.

மின்பாகங்கள் செய்த லூகாஸ் கம்பெனியின் வயர் நிறங்களை மாற்றவில்லை. பழுப்பு எப்போதும் மின்சாரம் உள்ளது. வெள்ளை சாவி போட்டால் வருவது, பச்சை அதுவே பியூஸ் தாண்டி வருவது. நீலம் பெரிய விளக்கு, சிவப்பு சின்ன விளக்கு, கறுப்பு எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்ப காரின் இரும்பு உடம்போடு சேரும் இணைப்பு. நாளைக்கு என் மகன் திறந்து பார்த்தாலும் புரிய வேண்டும். இந்தக் காரில் இருப்பதே இரண்டு பியூஸ்தான், பெரிய விளக்குக்கு பியூஸே கிடையாது. அதற்கு மட்டும் தனியாக பியூஸ் சேர்த்தேன். அந்த மாற்றம் அவசியம் என்பதே என் கருத்து.

எல்லாம் முடிந்து பிரேக்கை மிதித்தால், முன்னால் சின்ன விளக்குகள் மங்கலாக எரிகின்றன என்றாள் மனைவி. பின்னால் பிரேக் விளக்கும் சரியாக வரவில்லை. இரண்டு இரவு தூக்கம் போனது. கடைசியில் பார்த்தால், பின்விளக்கு உட்காரும் இடத்தில் புதுப் பெயிண்ட்! எர்த் கிடைக்காததால், பிரேக் இழைக்குப் போன மின்சாரம் அதே பல்பின் இன்னொரு இழை வழியாகத் திரும்பி, சிவப்பு வயரில் ஏறி, முன்னால் உள்ள சின்ன விளக்குகள் வழியாக எர்த் தேடியிருக்கிறது. உப்புத்தாளால் பெயிண்டைத் தேய்த்து இரும்பு தெரிய வைத்தேன். அப்புறம் ஒவ்வொரு விளக்குக்கும் ஒரு கறுப்பு வயர் தனியாக இழுத்தேன். சரியாகிவிட்டது.

பட்டர்வொர்த்திலிருந்து:

உங்கள் மோரிஸைப் போலவே என் ஆஸ்டின் ஏ40யும் பாசிட்டிவ் எர்த்தான், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் காரின் உடம்போடு இணைந்திருக்கும். அது தெரியாத ஒரு வயர்மேன் புது ரேடியோவை வழக்கம்போல் மாட்ட, புகை வந்துவிட்டது. அதன்பிறகு நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றிவிட்டேன். பேட்டரியைத் திருப்பி வைத்து, இக்னிஷன் காயிலின் இரண்டு சின்ன வயர்களை இடம் மாற்ற வேண்டும். பேட்டரியை சார்ஜ் செய்யும் டைனமோவில் எப் (F) என்று குறித்த முனையில் உள்ள வயரைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரால் அந்த முனையை ஒரு கணம் தொட வேண்டும். இதை விட்டால் டைனமோ தலைகீழாக சார்ஜ் செய்யும். ஸ்டார்ட்டர் மோட்டாரில் கை வைக்கத் தேவையில்லை, அது எப்படி இருந்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். நீங்கள் மாற்றினீர்களா அண்ணே?

மீண்டும் ஆயர் ஈத்தாமிலிருந்து:

இல்லை தம்பி, அப்பா வைத்திருந்தபடியே விட்டுவிட்டேன். ரேடியோவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஆனால் வழியில் நின்றுபோனால் உதவிக்கு ஜம்பர் கேபிளோடு வருபவருக்குத் தெரிய வேண்டுமே. அதனால் பானெட்டின் உள்பக்கம், பேட்டரிக்கு நேர் மேலே, பாசிட்டிவ் எர்த் என்று தமிழிலும் மலாயிலும் வெள்ளைப் பெயிண்டில் பெரிதாக எழுதியிருக்கிறேன்.